மிச்சமிருந்த இரண்டு குரல்

மலைப்பாதையில் வளைவு வந்தால் ஹாரன் அடிக்க வேண்டும். அடித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். எதிரில் வண்டி இருந்தால் அவனும் அடிப்பான். சத்தம் இல்லை என்றால் போகலாம். இப்போது பாதையை அகலமாக்கி, வளைவுக்கு வளைவு கண்ணாடி நட்டுவிட்டார்கள். யாரும் காத்திருப்பதில்லை.

கள்ளக்குறிச்சி ஸ்டாண்டில் நம் டிரைவர் சங்கத்துப் பையன்கள்தான் கேட்டார்கள். “அண்ணே, எம்.பி.க்கு வண்டி ஓட்டினீங்களே. டெல்லி, ஃபிளைட்டு, போலீசு சல்யூட்டு, அத்தெல்லாம் எழுதுங்க. சங்க மலர்ல போட்டுக்கலாம்.” நான் டெல்லி போனதில்லை. சல்யூட் அவருக்கு அடித்தார்கள், எனக்கு இல்லை. எனக்குத் தெரிந்தது கல்வராயன் மலை. அதை எழுதுகிறேன்.

கரும்பு லாரியில் கிளீனராகச் சேர்ந்தேன். ஸ்டீயரிங் கைக்கு வர வெகு காலம் ஆனது. இடுப்பு விட்டுப்போனதும் லாரியை விட்டேன். அப்போது மலைமேல் ஒரு உறைவிடப் பள்ளிக்கு அரிசி பருப்பு ஏற்றிப்போக ஜீப்புக்கு ஆள் தேடினார்கள். போனேன். அங்கேதான் சாரைப் பார்த்தேன், எம்.பி. ஆவதற்கு வெகு முன்னால்.

சார் திருநாவலூர் பக்கம். விவசாயக் குடும்பம். ஒல்லி ஆள். வெள்ளைச் சட்டை, கணுக்காலுக்கு மேலே நிற்கிற பேண்ட். மலைக்கு மாற்றல் என்றால் மற்ற வாத்தியார்கள் யாரையாவது பிடித்து ரத்து செய்துகொள்வார்கள். இல்லையென்றால் கீழே கச்சிராயபாளையத்தில் வீடு எடுத்துக்கொண்டு இஷ்டப்பட்டபோது வருவார்கள். இவர் ஹெட்மாஸ்டர். பள்ளியிலேயே ஓர் அறையில் பாயைப் போட்டுக்கொண்டார்.

“வாத்தியார் இங்க தூங்கினாதான் புள்ளைங்க இங்க தூங்கும்” என்றார். சத்தம் போட்டுப் பேசமாட்டார். ஒரு தடவைதான் சொல்வார். திரும்பச் சொல்வது அவருக்குப் பிடிக்காது.

அவர் வந்த புதிதில் மழைக்காலம். காலையில் வராந்தாவில் நின்று பேர் கூப்பிடுவார். பிள்ளைகள் எதிரே தரையில் உட்கார்ந்திருக்கும். பனி மூடியிருந்தால் முன் வரிசைக்குப் பிறகு யாரும் தெரியாது. சார் ஒரு பேரைக் கூப்பிடுவார். பதில் இருக்காது. இன்னொரு தடவை கூப்பிடுவார். இருக்காது. மூன்றாவது தடவைக்குத்தான் பனிக்குள்ளிருந்து ‘உள்ளேன் ஐயா’ வரும். ஒவ்வொரு பேருக்கும் இப்படி. சாருக்கு முகம் சிவந்துவிட்டது.

சமையல் அஞ்சலைதான் அவருக்கு விஷயத்தைச் சொன்னது. சின்னசேலத்து அம்மா அது. மலைக்கு வந்து பழகிப்போனது.

“பனி மூடினா மூணாவது கொரலுக்குத்தான் வாயத் தொறக்குங்க சார். மொதக் கொரலு யாருதுன்னு தெரியாதாம்.”

“யாருதுன்னா? நான்தானம்மா கூப்பிடறேன்?”

“நீங்கதான் சார். நீங்க மட்டுந்தானான்னு அதுங்களுக்கு சந்தேகம்.”

சார் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. “நாளைக்கு இண்டர்வியூல போயி ஒக்காரும். பேரக் கூப்பிடுவான். மூணு வாட்டி கூப்பிடட்டும்னு இதுங்க சும்மா இருந்தா, அடுத்த ஆளக் கூப்பிட்டுட்டுப் போயிக்கினே இருப்பான்” என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

முதல் குரலுக்குப் பதில் சொல்கிறவர்களுக்கு முதல் பந்தி என்று வைத்தார். அடிக்கவில்லை, திட்டவில்லை. பந்தி மட்டும்தான். கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளைகள் மாறின. முதலில் மாறியது அலமேலு.

அலமேலுவின் ஊர் தும்பைக்குழி. பள்ளிக்குப் பின்னால் ஓடை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஏறினால் ஊர். சார் பேரை முடிக்கும் முன் பதில் சொல்லிவிடும் அந்தப் பெண். பையன்கள் கேலி செய்வார்கள். “ஏய், சார் தொண்டயக் கனைச்சாலே நீ உள்ளேன்ற.” “நீ யோசிச்சி எந்திரிக்கறதுக்குள்ள சோறு ஆறிடும்டா” என்று அது திருப்பிக் கொடுக்கும்.

அந்தத் தடவை நான் அரிசியோடு போனது கார்த்திகை மாதம். ஒரு வாரமாக மழை. அன்று மழை விட்டுப் பனி இறங்கியிருந்தது. லைட்டைப் போட்டுக்கொண்டுதான் ஏறினேன். பள்ளியின் முன்பக்கம் ஜீப்பை நிறுத்தினேன். சார் டீ டம்ளரோடு வந்தார். மூட்டைக் கயிற்றை அவிழ்க்க எனக்குக் கை கொடுத்தார். ரோடு எப்படி என்று கேட்டார். கோமுகி அணைக்கு மேலே ஒரு மரம் சாய்ந்திருக்கிறது என்றேன். பேர் கூப்பிடுகிற நேரம் இன்னும் ஆகவில்லை. சார் என் பக்கத்திலேயே நின்றார். யாரையும் கூப்பிடவில்லை. இதைப் போலீசிலும் சொன்னேன்.

பின்பக்கமிருந்து அஞ்சலை ஓடிவந்தது.

“அலமேலுவக் கூப்ட்டீங்களா சார்?”

“இல்லியே.”

“தட்டு கழுவிக்கினு இருந்தா சார். திடீர்னு எந்திரிச்சி உள்ளேன் ஐயான்னா. ஓடப் பக்கம் போறா. ஸ்கூலு இந்தாண்ட இருக்குது, நீ அந்தாண்ட எங்கடீ போறேன்னு கத்தினேன். பனி மூடிக்கிச்சு.”

“நான் கூப்பிடலம்மா.”

“தெரியுது சார். எனக்கும் கொரலு கேக்கல. அவ பதிலுதான் கேட்டுச்சு.”

ஓடினோம். ஓடை கரை நிறையப் போய்க்கொண்டிருந்தது. கரையில் ஒரு பாறை. அதன்மேல் அலமேலுவின் தட்டு, கழுவிக் கவிழ்த்தபடி இருந்தது. பந்தி முடிந்ததும் பிள்ளைகள் வைப்பது போலவே. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. கால் வழுக்கின தடமும் இல்லை.

தும்பைக்குழி ஆட்கள் தேடினார்கள். தீயணைப்பு ஆட்கள் வந்தார்கள். கீழே அணை வரைக்கும் பார்த்தார்கள். துணிகூடக் கிடைக்கவில்லை. தண்ணீர் இழுத்துக்கொண்டு போயிருக்கும் என்று எழுதி முடித்தார்கள்.

அலமேலுவின் அம்மா ராமாயி. உயரமான பெண். சாமையும் மரவள்ளியும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். மார்பில் அடித்துக்கொள்ளவில்லை. சார் சட்டையைப் பிடிக்கவில்லை. வராந்தாவுக்கு வந்து ஒரு கேள்விதான் கேட்டாள்.

“எத்தினி கொரலுக்குப் போனா?”

சார் அஞ்சலையைப் பார்த்தார். அஞ்சலை, “ஒண்ணுக்கே போயிட்டா” என்றது.

ராமாயி சாரிடம் திரும்பினாள். “அப்ப ரெண்டு மிச்சம் இருக்குது. அத நீங்க கூப்புடுங்க வாத்தியாரே. மூணும் முடிஞ்சாதான் திரும்பற வழி தொறக்கும். நாங்க கூப்ட்டா அவ வரமாட்டா. உங்க கொரலுக்குத்தான் பழகியிருக்குறா.”

“அம்மா, புள்ள தண்ணியில போயிடுச்சும்மா.”

“போயிட்டவளக் கூப்புடறதுல உங்களுக்கு இன்னாங்க கஷ்டம்?”

சார் கூப்பிடவில்லை. அன்று என்னோடு ஜீப்பில் கீழே இறங்கினார். பாதி மலையில் சொன்னார். “நான் கூப்பிட்டா, வேற எதுவோ அவளக் கூட்டிக்கினு போச்சுன்னு நானே ஒத்துக்கின மாதிரி மாணிக்கம். அப்புறம் ஒரு தாயும் புள்ளைய இங்க வுடமாட்டா.”

அதிலும் தப்பில்லை.

அதன்பிறகு சார் வராந்தாவில் நின்று பேர் கூப்பிடவில்லை. காலையில் வரிசைக்குள் நடப்பார். ஒவ்வொரு பிள்ளை தலையையும் தொட்டுக்கொண்டு போவார். அதுதான் அட்டெண்டன்ஸ். முதல் பந்தியையும் நிறுத்திவிட்டார்.

இன்னொன்றும் மாறியது. யாருக்கும் முதலில் தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது. “சார்” என்று கூப்பிட்டால் திரும்பமாட்டார். காது போய்விட்டதோ என்று நினைத்தேன். இன்னொரு தடவை கூப்பிட்டால் தலை லேசாக அசையும். கேட்டிருக்கிறது. ஆனால் திரும்பமாட்டார். மூன்றாவது தடவைக்கு, “சொல்லு மாணிக்கம்” என்பார். அலுப்பில்லாமல், இப்போதுதான் கேட்டது போல. வெயிலிலும் அப்படித்தான். கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீஸ் வாசலிலும் அப்படித்தான். நான் பழகிக்கொண்டேன். மூன்று தடவை கூப்பிடுவேன். ஏன் என்று கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வருடங்கள் போயின. பள்ளியில் பிள்ளைகள் கூடினார்கள். படித்துப் போன பிள்ளைகள் நர்ஸாக, வாத்தியாராக, ஃபாரஸ்ட் கார்டாக ஆனார்கள். ரேஷன் இல்லை என்றால் சார்தான் மனு எழுதுவார். ஆபீசர்களை மேலே கூட்டிவந்து நடக்க வைப்பார். மலை முழுக்க ‘வாத்தியார்’ என்றால் அவர்தான். ரிட்டையர் ஆனதும் கட்சிக்காரர்கள் தேடிவந்தார்கள். எலெக்‌ஷனில் நிற்கச் சொன்னார்கள். சாருக்கு ஆசை இல்லை. அந்த ஓடைக்கு ஒரு பாலம் வேண்டும் என்று எத்தனையோ மனு போட்டு ஓய்ந்திருந்தார். “எம்.பி. ஆனா பாலத்துக்கு அடுத்தவன் கையெழுத்த எதிர்பாக்க வேணாங்களே” என்று ஒருத்தர் சொன்னார். அதில்தான் ஒத்துக்கொண்டார். “வண்டிய நீ ஓட்டு” என்று என்னிடம் சொன்னார்.

ஓட்டுக் கேட்டுத் தும்பைக்குழிக்கும் போனோம். ஓடையில் இறங்கி நடந்துதான். ராமாயிக்கு முடி நரைத்திருந்தது. மாலை போட வந்த பெண்களைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

“ஓட்டு உங்களுக்குத்தாங்க. கூப்புடுங்க.”

“ஓட்டுக்காகக் கூப்பிட்டேன்னு ஆயிடும் ராமாயி. வேணாம்.”

கூட வந்த கட்சிக்காரன் என் காதில் சொன்னான். “இன்னா மாணிக்கண்ணே, ஒரு சவுண்டு வுட்டா ஊரே கெடைக்கும். இவரு என்னாத்துக்கு மல்லுக்கட்டறாரு?” சார் திரும்பிப் பார்த்தார். அவன் பிறகு அந்தப் பேச்சு எடுக்கவில்லை.

ஜெயித்தார்.

டெல்லியில் அவர் பேசியதை நான் டி.வி.யில்தான் பார்த்தேன். வெள்ளிமலையில் ஒரு டீக்கடை. மலை ஆட்கள் நிறையப் பேர். சபாநாயகர் நாற்காலியில் இருந்தவர் சாரின் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். சார் உட்கார்ந்தே இருந்தார். கேமரா அவரைக் காட்டியது. கையில் காகிதம், கண் நேராக. பக்கத்து எம்.பி. முழங்கையால் இடித்தார். இன்னொரு தடவை கூப்பிட்டார்கள். சார் அசையவில்லை. “இன்னாயா இவரு, அங்க போயி தூங்கறாரு?” என்றார் சங்கராபுரத்திலிருந்து வந்திருந்த மரவள்ளி வியாபாரி. மலை ஆட்கள் டி.வி.யையே பார்த்தார்கள். மூன்றாவது தடவை கூப்பிட்டதும் சார் எழுந்தார். பாலத்தைப் பற்றித் தமிழில் பேசினார். டீக்கடையில் ஒரு பெரியவர் மட்டும், “எங்காளுய்யா அது” என்றார். யாரும் சிரிக்கவில்லை.

பாலம் வந்தது. நடைப்பாலம்தான். இரும்புக் கைப்பிடி, சிமெண்ட் தரை. திறப்பு விழா என்று ஒன்றும் வைக்கவில்லை. சார் டெல்லியில் இருந்தார்.

சில வாரம் கழித்து, சார் ஊருக்கு வந்திருந்தபோது, பள்ளியின் புது ஹெட்மாஸ்டர் அவருக்குப் போன் செய்தார். “சார், பாலத்துல ஒருத்தரும் நடக்க மாட்டேன்றாங்க. பக்கத்துலயே ஓடையில எறங்கிப் போறாங்க. நேத்து ஒரு பையன் வழுக்கிட்டான். முடியப் புடிச்சித் தூக்கினாங்க. தண்ணி ஏறிக்கினு இருக்குது. நீங்க வந்து சொன்னாதான் கேப்பாங்க.”

போனோம். மறுபடி கார்த்திகை. பகல் நேரம்தான். ஆனால் பனியில் வண்டி மூக்கு எனக்கே தெரியவில்லை. பள்ளியில் நிறுத்திவிட்டு இறங்கி நடந்தோம்.

ஹெட்மாஸ்டர் சொன்னது சரி. பாலம் சும்மா நின்றது. தரையில் ஒரு கால் தடம் இல்லை. பாசி பிடிக்க ஆரம்பித்திருந்தது. அதை ஒட்டியே கீழே, இடுப்புத் தண்ணீரில், தும்பைக்குழி ஆட்கள் பிள்ளைகளைத் தோளில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். ஒருத்தரும் பாலத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. யாருடைய வீட்டு வழியிலோ குறுக்கே போகாமல் ஒதுங்கிப் போவது போல இருந்தது.

சார் கரையில் நின்று, “ஏம்ப்பா, உங்களுக்குத்தானே கட்டினது?” என்றார். கூட்டத்திலிருந்து ராமாயி வந்தாள். கோல் ஊன்றி நடந்தாள்.

“வழி போட்டுட்டீங்க வாத்தியாரே. இந்தாண்டைக்கும் அந்தாண்டைக்கும் தொறந்து கெடக்குது. எதுக்குத் தொறந்து கெடக்குதுன்னு எங்களுக்குத் தெரியல. அதுல மொதல்ல அவ வரட்டும். அப்புறம் நாங்க நடக்கறோம்.”

“நான் கூப்பிடலன்னா?”

“நாங்க தண்ணியிலயே போய்க்கறோங்க. பழக்கந்தான்.”

அப்போது ஒரு ஆள் நடு ஓடையில் தடுமாறினான். தோளில் இருந்த பெண்பிள்ளை அவன் தலையைக் கட்டிக்கொண்டது. நின்று, சமாளித்து, ஏறி வந்தான். சார் அந்தப் பிள்ளையையே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார்.

பாலத்தின் முனையில் போய் நின்றார். வராந்தாவில் நிற்கிற மாதிரி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். அத்தனை வருடம் கழித்து அந்தக் குரலைக் கேட்டேன். ஓங்கிக் கத்துவதில்லை. ஆனால் கடைசி வரிசைக்குப் போகும்.

“தும்பைக்குழி அலமேலு!”

பனி அப்படியே இருந்தது. ஓடைச் சத்தம் மட்டும். யாரும் இருமக்கூட இல்லை. ராமாயி பாலத்தின் அந்த முனையைப் பார்த்தபடி நின்றாள்.

சார் காத்திருந்தார்.

“அலமேலு!”

பதில் வந்தது. தூரத்திலிருந்து இல்லை. பாலத்தின் நடுவிலிருந்து. ஒரு பிள்ளையின் வாய் எவ்வளவு உயரத்தில் இருக்குமோ அந்த உயரத்திலிருந்து.

“உள்ளேன் ஐயா.”

எனக்குக் கேட்டது. என் பக்கத்தில் நின்ற புது ஹெட்மாஸ்டருக்கும் கேட்டது. அவர் என் கையைப் பிடித்தார். பிடி வலித்தது.

ராமாயி கோலை இடக்கைக்கு மாற்றினாள். வலக்கையைக் கொஞ்சம் தாழ்த்தி நீட்டிக்கொண்டு பாலத்தில் ஏறினாள். நடுப்பாலம் வரைக்கும் போனாள், பனியில் நிழல் மாதிரி தெரிந்தாள். அங்கே நின்றாள். பிறகு அந்தப் பக்கம் நடந்தாள். மெதுவாக. அவள் நடை இல்லை அது, சின்னக் கால்களுக்குக் காத்திருந்து நடக்கிற நடை. அந்தக் கரையில் நின்றவர்கள் வழி விட்டு ஒதுங்கினார்கள். ஒரு ஆளுக்கு இல்லை. இரண்டு ஆளுக்கு.

அதன்பிறகு ஓடையில் இருந்தவர்கள் மேலே ஏறினார்கள். பிள்ளைகளை இறக்கிவிட்டார்கள். பிள்ளைகள் பாலத்தில் ஓடிப் பள்ளிக்கு வந்தன. ஈரக்கால் தடம் பாலம் முழுக்க ஆனது.

சார் மட்டும் நின்ற இடத்திலேயே நின்றார். தலையைச் சாய்த்து, காதை அந்தப் பக்கம் வைத்தபடி. நான் போய், “சார்” என்று மூன்று தடவை கூப்பிட்டுக் கூட்டிவந்தேன்.

கீழே இறங்கினோம். அணையைத் தாண்டினதும் வெயில் வந்தது. அப்போது சார் கேட்டார்.

“ராமாயி என்னாத்துக்கு அப்படிப் போனா?”

“பொண்ணக் கூட்டிக்கினு போனாங்க சார்.”

“பதில் வரலியேப்பா.”

நான் வண்டியை ஓரம் கட்டினேன். “வந்துச்சுங்களே சார். உள்ளேன் ஐயான்னு.”

“யாருக்கு வந்துச்சு?”

“எல்லாருக்குங்க.”

சார் கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார். “எனக்கு வரல மாணிக்கம்” என்றார். “ரெண்டாவது கூப்பிட்டேன். மூணாவது கூப்பிட்டேன். ஓடதான் கேட்டுது.”

அவர் காதில் ஒரு குறையும் இல்லை. டாக்டரிடமும் காட்டினார்.

அதிலிருந்து ஆரம்பித்தது. சின்னசேலம் ரயில் ஸ்டேஷனுக்குப் போகும்போது கேட்பார். கல்யாண வீட்டிலிருந்து திரும்பும்போது கேட்பார். “நெசமா வந்துச்சா? எப்படி இருந்துச்சு கொரலு?” “புள்ளக் கொரலுதாங்க சார்” என்பேன். வேறு என்ன சொல்வது? அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். பொய் சொல்கிறேன் என்று நினைக்கிறாரோ என்று எனக்கு இருக்கும். ஊர் சமாதானமாகிவிட்டது. ராமாயி சமாதானமாகிவிட்டாள். கூப்பிட்டவருக்கு மட்டும் இல்லை.

மறுபடி எலெக்‌ஷனில் நிற்கச் சொன்னார்கள். நிற்கவில்லை. உடம்பு தளர்ந்தது. கள்ளக்குறிச்சியில் ஒரு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தார். நான் மத்தியானத்தில் போய் உட்காருவேன். அன்றும் கேட்டார்.

“எப்படிடா இருந்துச்சு?”

எப்போதும் சொல்வதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் முகத்தைப் பார்த்ததும் சொல்ல முடியவில்லை. நன்றாக யோசித்தேன். “மூக்கடச்ச கொரலுங்க சார். ஐயாங்கறது, அய்ன்னு மூக்குக்குள்ள போயிடுச்சு.”

சார் என்னையே பார்த்தார்.

“அவ போறதுக்கு முந்தின நாளு சாயந்தரம் எங்கிட்ட வந்தா” என்றார். “சளின்னா. மாத்திர குடுத்தேன். தலைக்குத் தண்ணி ஊத்தாதன்னேன். யார்கிட்டயும் நான் சொல்லல.”

“எனக்கு இப்ப நீங்க சொல்லித்தாங்க தெரியும்.”

“அதான்” என்றார். கொஞ்ச நேரம் மின்விசிறியைப் பார்த்தார். “இத்தினி வருசமாச்சு. அந்தச் சளி இன்னும் போகலியா?”

நான் போர்வையை இழுத்துவிட்டேன்.

“நாளைக்கு மேல போவியா? புள்ளைங்க சளி மாத்திர வாங்கி ராமாயிகிட்ட குடுத்துடு.”

வாங்கிக்கொண்டு போனேன். பாலத்தில் நடந்துதான் போனேன். ராமாயி வீட்டு வாசலில் மரவள்ளி தோல் சீவிக்கொண்டிருந்தாள். சார் கொடுக்கச் சொன்னார் என்று பொட்டலத்தை நீட்டினேன். யாருக்கு, எதுக்கு என்று அவள் கேட்கவில்லை. வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டாள்.

“பகல்ல பரவால்லீங்க” என்றாள். “ராத்திரிக்குத்தான் இருமலு ஜாஸ்தி.”

வீட்டுக் கதவு பாதி திறந்திருந்தது. நான் உள்ளே பார்க்கவில்லை.

சாயந்தரம் ஆஸ்பத்திரிக்குப் போய், அவள் சொன்னதை அப்படியே சாரிடம் சொன்னேன். “அப்படியா” என்றார். அதற்கப்புறம் அந்தக் குரலைப் பற்றி என்னிடம் அவர் கேட்கவில்லை.